உருண்டை போட்ட செவ்வாய்க்கிழமை

திருட்டை எப்படித் தடுப்பது என்று வகுப்பு எடுக்க வந்தவரின் ரிமோட், வகுப்பு முடிவதற்குள்ளேயே காணாமல் போயிற்று. திரையில் படங்களை மாற்றுவதற்கு அவர் கையில் வைத்திருந்த சின்ன ரிமோட் அது. தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் மேசை மேல் வைத்தார். குடித்துவிட்டுத் திரும்பினால் மேசை துடைத்து வைத்தாற்போல இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பால் குடிக்கிற பிள்ளைகளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருக்கிறது வளர்மதி கால்நடைத் தீவன ஆலை. மக்காச்சோளத்தை வாங்கி அரைத்து, தவிடும் புண்ணாக்கும் சேர்த்து, கரும்பு ஆலையிலிருந்து வருகிற மொலாசஸ் என்ற கருப்புப் பாகை ஊற்றிப் பிசைந்து, மூட்டை கட்டி அனுப்புவார்கள். ஆலைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது அந்த மொலாசஸ் வாடைதான். அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மேலாளர் மரிய ஆல்பர்ட்டின் குரலுக்குப் பழகத்தான் வருஷங்கள் ஆகும்.

ரிமோட்டைப் பறிகொடுத்தவர் பெயர் அறிவரசன். திருச்சிக்காரர், பாதுகாப்பு ஆலோசகர். கஞ்சி போட்ட சட்டையும், இரண்டு பக்கமும் அளவெடுத்துக் கத்தரித்த மீசையுமாக வந்திருந்தார். பணியிட வன்முறைக்கு ஐந்து அறிகுறிகள் உண்டு என்று திரையில் காட்டினார். முகம் சிவத்தல், மூச்சு வாங்குதல், முஷ்டியை இறுக்குதல், நெருங்கி வந்து நிற்றல், பேச்சு திடீரென்று நின்றுபோதல். இதையெல்லாம் பார்த்தால் உடனே பின்வாங்க வேண்டும் என்றார். பிறகு செல்போன் பக்கம் வந்தார்.

"வேலை நடக்கற இடத்துக்குள்ள போன் வரக் கூடாது. வந்தா பிடுங்குங்க. உள்ள படம் எடுத்திருந்தா மேனேஜர் முன்னாடி வெச்சு அழிச்சுடணும். யாரா இருந்தாலும் சரி. என் போனே வந்தாலும் பிடுங்குங்க!"

கடைசி வரிசையில் தொப்பியும் விசிலுமாக நின்றிருந்த சம்பூர்ணம் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். வாயில் காவலர் அவள். மற்றவர்களுக்கு இது ஒரு மணி நேர ஓய்வு. அவளுக்கு மட்டும் வேலை போய்விடும் என்ற கவலை.

காரணம், ஈர மிஷின். சோளத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லும் கருவிக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் அதுதான். ஒரு கையில் அடங்கிவிடும். ஒரு பிடி சோளத்தைப் போட்டு அமுக்கினால் எண் வரும். பதினாலும் அதற்குக் கீழேயும் வந்தால் லாரி உள்ளே போகலாம். அதற்கு மேலே போனால் லாரி வெளியே நிற்கும், சோளம் கொண்டுவந்த விவசாயி உள்ளே வந்து சண்டை பிடிப்பார். மிஷினே இல்லாவிட்டால் எல்லா லாரியும் வெளியேதான் நிற்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆய்வு அறை மேசையில் இருந்த மிஷின், வகுப்பு நடந்த திங்கட்கிழமை காலையில் அங்கே இல்லை. ஆய்வு அறையில் வேலை பார்க்கும் ஜெயசுதா மேசைக்கு அடியில் எல்லாம் தவழ்ந்து தேடிவிட்டு, உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை வாயிலில் நின்றது சம்பூர்ணம் ஒருத்திதான். ஆம்பளைகளைச் சோதிக்கிற காவலர் மச்சினிக்குக் கல்யாணம் என்று லீவில் போய்விட்டார். பெண்களை அவள் தொட்டுத் தடவிப் பார்த்து அனுப்பினாள். ஆம்பளைகளைப் பையைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்து அனுப்பினாள். வேறு என்ன செய்ய முடியும்? மரிய ஆல்பர்ட்டிடம் இதைச் சொன்னாள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

"இந்தா பாரு சம்பூர்ணம், கேட்டுல நின்னது நீ. பொருள் உன்னத் தாண்டித்தான் போயிருக்கு. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள மிஷினு வந்தாகணும். இல்லன்னா தொப்பியக் கழட்டி வச்சுட்டு ஏஜென்சிக்குப் போயிரு. அவங்க வேற ஆள அனுப்பட்டும்."

அந்தத் தொப்பியில்தான் இருந்தது எல்லாம். வாலிகண்டபுரத்துப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். பாதி வயசு குனிந்தபடியே போயிருந்தது. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் முதுகை நிமிர்த்தி நிற்பதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டாள். அவள் புருஷனின் அண்ணன், அவளுக்கு மச்சாண்டார், அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மனுஷன் ஒரு தரம் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தார். அவள் விசிலை ஊதிக் கையைக் காட்டியதும் இறங்கி வந்து, பையைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்துக்கங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி சம்பூர்ணம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். அந்த வேலையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. யாரோ ஒரு களவாணி செய்த காரியத்துக்காக விட்டுக்கொடுக்க அறவே மனசில்லை.

வகுப்பு முடிந்த கையோடு அறிவரசன் மேலாளரின் அறையில் மிஷின் விசாரணையை ஆரம்பித்தார். ரிமோட் போன கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. எல்லோர் வீட்டையும் சோதனை போடலாம் என்றார், போலீஸில் சொல்லலாம் என்றார். மரிய ஆல்பர்ட் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "போலீசெல்லாம் எதுக்கு சார், கம்பெனி பேரு கெட்டுப்போயிரும்" என்றார். மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி ராசாங்கம், எவன் வீட்டுக்குள்ளும் எவனும் நுழைய முடியாது என்று கதவருகே நின்று சொன்னார். சொல்லும்போது மூட்டை இழுக்கிற கொக்கி அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அறிவரசன் முதல் அறிகுறியையும் மூன்றாவது அறிகுறியையும் அவரிடம் கண்டுபிடித்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான், விசாரணைக்குக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தியிருந்த சம்பூர்ணம் வாயைத் திறந்தாள்.

"உருண்டை போடலாங்க சார்."

"என்ன உருண்டை?" என்றார் அறிவரசன்.

அவள் சொன்னாள். கல்யாண வீட்டில் மூக்குத்தியோ தோடோ காணாமல் போனால் அவர்கள் ஊரில் போலீஸைத் தேட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கை சாணி கொடுப்பார்கள். ஒவ்வொருத்தராக உள் அறைக்குத் தனியாகப் போய், சாணியை உருட்டி, அங்கே இருக்கிற அண்டாவில் போட்டுவிட்டு வர வேண்டும். எடுத்தவர் பொருளை உருண்டைக்குள் வைத்துப் போட்டுவிடுவார். எல்லோரும் போட்டு முடித்த பிறகு உடைத்துப் பார்த்தால் பொருள் இருக்கும். யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த தரம் யாரும் போட மாட்டார்கள்.

"இது கம்பெனியாம்மா, கல்யாண வீடா?" என்று சிரித்தார் அறிவரசன். "என் பதினெட்டு வருஷ சர்வீஸ்ல சாணியை வெச்சு யாரும் துப்புத் துலக்கினதில்ல."

"சாணி எதுக்குங்க. நம்மகிட்டதான் தீவனம் கெடக்கே. மொலாசஸு ஊத்துனா கல்லாட்டம் ஒட்டிக்கும்."

இதற்கு மேலாளர் ஒப்புக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மரிய ஆல்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "நல்ல யோசனையாதான் இருக்கு" என்றார். "எல்லாரும் போடட்டும். மேனேஜரு, லேபரு வித்தியாசமே வேணாம். நானும் போடுறேன். அப்பத்தான் ஒருத்தருக்கும் மனசு சங்கடப்படாது." மேலாளருக்கு இத்தனை பெரிய மனசா என்று ராசாங்கமே அசந்து போனார்.

சாயங்காலம் ஆட்கள் கிளம்பும்போது சம்பூர்ணம் வாயிலில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள். நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உருண்டை போடுவது, காலையில் உள்ளே வரும்போது யார் பையையும் பார்ப்பதில்லை என்று சொன்னாள். "எடுத்தவங்க வச்சுட்டுப் போயிருங்க. யாருன்னு கேக்க மாட்டோம். இந்தத் தொப்பி மேல சத்தியம்" என்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக் காட்டினாள். கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். சம்பூர்ணம் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சங்கு ஊதியதும் மூட்டை தைக்கிற நூல்கண்டு வைக்கிற அறையில் தார்ப்பாயை விரித்துத் தீவனத்தைக் கொட்டினார்கள். பக்கத்தில் ஒரு வாளி மொலாசஸ். மூலையில் ஒரு பெரிய அண்டா. ஆட்கள் வரிசையில் நின்று ஒவ்வொருத்தராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சம்பூர்ணம் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வெளியே வந்தவர்கள் எல்லோரும் முழங்கை வரை பிசுபிசுப்போடு வந்து, கோயிலிலிருந்து வருகிறவர்களைப் போல யாரையும் பார்க்காமல் குழாயடிக்குப் போனார்கள்.

சில பேர் உள்ளே அதிக நேரம் இருந்தார்கள். துணி அலசுகிறாற்போல உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒரு லோடுமேன் வயிறு உப்பிப்போய் உள்ளே நுழைந்தான், வெளியே வரும்போது பாதி இளைத்திருந்தான். சம்பூர்ணத்துக்கு முதல் சந்தேகம் அப்போதுதான் வந்தது. ஒரே ஒரு மிஷினுக்கு எதற்கு இத்தனை பேர் இத்தனை நேரம் பிசைகிறார்கள்?

மரிய ஆல்பர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையும் கையுமாகவே உள்ளே போய் வந்தார். வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். சனங்கள் கை தட்டினார்கள். அறிவரசன் மட்டும், தான் வெளியாள், உருண்டை கிருண்டை எல்லாம் தனக்கில்லை என்று சொல்லிவிட்டார். வரிசை தொடங்குவதற்கு முன்னால் ஏற்பாட்டைப் பார்வையிடுகிறேன் என்று ஒரு தரம் அறைக்குள் போய்த் திரும்பியிருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் போட்டு முடிந்ததும் ராசாங்கமும் இன்னொருவரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார்கள். மொத்த ஆலையும் சுற்றி நின்றது. சம்பூர்ணம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து முதல் உருண்டையை உடைத்தாள். வெறும் தீவனம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் ஒரு ஸ்பேனர் இருந்தது.

"அட, இதத்தான் போன பொங்கலுக்கு முன்னாடி தேடுனோம்" என்றார் ராசாங்கம்.

அடுத்ததில் மூட்டை தைக்கிற மிஷினின் ஊசிப் பொட்டலம். அதற்கடுத்து கால்குலேட்டர். பிறகு முதலுதவிப் பெட்டியின் கத்தரிக்கோல். பிறகு கேன்டீன் மணியின் நாக்கு. அது போன பிறகு மணியைக் கரண்டியால்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் அளவு இருந்த உருண்டையை உடைத்தபோது, திருட்டைக் கண்காணிக்க என்று பின்பக்கத்துச் சுவரில் மாட்டி, மாட்டிய வாரமே காணாமல் போன கேமரா ஒயரோடு வந்தது. கூட்டத்தில் ஒரு விசில் பறந்தது. பெண்கள் கழிப்பறைக் குழாய் வந்தபோது பெண்கள் எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அறிவரசனின் ரிமோட்டும் வந்தது. யாரோ அதைக் கழுவி அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். அது வேலை செய்யவில்லை.

மரிய ஆல்பர்ட்டின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்துக்கொண்டே வந்தது. "இவ்வளவு நாளா நான் கம்பெனியத்தான் நடத்திட்டிருந்தேனா?" என்று கேட்டார். சம்பூர்ணம் அடுத்த உருண்டையை எடுத்தாள்.

அண்டா காலியாகிக்கொண்டே வந்தது. சம்பூர்ணம் வேகவேகமாக உடைத்தாள். ஊரிலிருக்கிற ஓட்டை உடைசல் எல்லாம் வந்துவிட்டது, வர வேண்டியதை மட்டும் காணோம். மறுபடியும் வெங்காயக் காட்டில் குனிந்து நிற்பதை நினைத்தபோது முதுகு இப்போதே வலித்தது. அடியில் கிடந்த உருண்டை ஒன்றை எடுத்தாள். மற்றவற்றைப் போலக் கோணல்மாணலாக இல்லை, அழகாக உருட்டியிருந்தது. உடைத்தாள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஈர மிஷின் இருந்தது.

"வந்துருச்சு!" என்று கத்தியது அவள்தான். பிறகு ஜெயசுதா கத்தினாள், பிறகு எல்லோரும் கத்தினார்கள். ஜெயசுதா ஓடிப்போய் கொடோனிலிருந்து ஒரு பிடி சோளம் கொண்டுவந்து போட்டு அமுக்கினாள். பதினாலு என்று வந்தது. மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்தவன் எடுத்தாலும் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறான் என்று ராசாங்கம் மெச்சிக்கொண்டார்.

சம்பூர்ணம் எழுந்து நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. திருடனையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருப்பாள்.

அப்போது அறிவரசன் தொண்டையைக் கனைத்தார்.

"ரொம்ப சந்தோஷம். இப்ப யாருன்னும் பாத்துடலாம்." நூல்கண்டு அறைக்குள் போய், மேல் பலகையில் மூட்டைகளுக்கு நடுவில் சொருகி வைத்திருந்த தன் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "எல்லாம் இதுல பதிவாயிருக்கு. நான் இன்னும் பாக்கல. எல்லாருமா சேர்ந்து பாக்கலாம்னு வெச்சிருக்கேன்."

சிரிப்பு அறுந்து போயிற்று. ராசாங்கத்தின் முகம் சிவந்தது. லோடுமேன்களுக்கு மூச்சு வாங்கியது. முஷ்டிகள் இறுகின, ஆட்கள் நெருங்கி வந்து நின்றார்கள், ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவரசன் முந்தின நாள் திரையில் காட்டிய ஐந்தும் அவரைச் சுற்றி ஆளுயரத்துக்கு வந்து நின்றன. பின்வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள்.

"சம்பூர்ணம், நீ சத்தியம் பண்ணித்தான நாங்க போட்டோம்?" என்று கேட்டார் ராசாங்கம். அவர் கை தோளில் இருந்த கொக்கியின் மேல் இருந்தது. "இப்ப என்ன சொல்ற?"

சம்பூர்ணம் யோசித்தாள். மிஷின் கிடைத்துவிட்டது, வேலை தப்பித்துவிட்டது. பேசாமல் இருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நாளைக்கு இதே ஆட்களை இதே வாயிலில் நிறுத்தி எந்த முகத்தோடு பையைத் திறக்கச் சொல்வது? இந்த மனுஷன் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விசிலை வாயில் வைத்து ஓங்கி ஊதினாள். கொக்கிகள் அப்படியே நின்றன.

"அறிவரசன் சார், போனைக் குடுங்க."

"என்னது?"

"வேல நடக்கற எடத்துல போனு வச்சிருக்கீங்க. உள்ள படம் எடுத்துருக்கீங்க. பிடுங்கணும்னு நேத்து நீங்கதான சொன்னீங்க."

"ஏம்மா, அது உங்களுக்கெல்லாம் சொன்னது!"

"எம் போனே வந்தாலும் பிடுங்குங்கன்னீங்க. நான் கடைசி வரிசைல நின்னுட்டுதான இருந்தேன்."

அறிவரசன் உதவிக்கு மேலாளரைப் பார்த்தார். மிஷின் வந்தாக வேண்டும் என்று இரண்டு நாளாகக் குதித்துக்கொண்டிருந்த மனுஷன் எப்படியும் தன் பக்கம்தான் நிற்பார் என்று நம்பினார். மரிய ஆல்பர்ட்டோ கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"ரூலுன்னா ரூலுதான் சார். நீங்களே மீறுனா நாளைக்கு யாரு மதிப்பா? சம்பூர்ணம் சொல்றது ரொம்பச் சரி." போனை அறிவரசன் கையிலிருந்து தானே வாங்கி, கடவு எண்ணைப் போடச் சொல்லி, படத்தைத் தேடி, பார்க்காமலேயே அழித்தார். அழித்தவை போய்ச் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது என்று அதற்குள்ளும் போய் அங்கேயும் அழித்தார். ஒரு வேலையை இத்தனை சுத்தமாகச் செய்வதை அந்த ஆலையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. கூட்டம் மூச்சு விட்டது. யாரோ ஒருவன் "மேனேஜரு வாழ்க" என்றான், பாதிக் கேலிதான், ஆனால் மீதிப் பாதி நிஜம்.

மேலாளர் அதோடு நிற்கவில்லை. "சம்பூர்ணம், நீ எங்கயும் போக வேணாம். கேட்டு இனிமே உன் பொறுப்பு. யாரா இருந்தாலும் சோதிச்சுத்தான் அனுப்பணும். சரியா?" என்றார். சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைப் போய் எத்தனை தரம் மனசுக்குள் திட்டியிருக்கிறோம் என்று நொந்துகொண்டாள்.

சாயங்காலம் வாயிலில் அவள் நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும். தொப்பியைப் புருவம் வரை இறக்கிவிட்டிருந்தாள். பெண்களின் சாப்பாட்டுத் தூக்கை எல்லாம் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். ராசாங்கம் எதுவும் சொல்லாமலே தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போனார். அறிவரசனின் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, உபரி டயரைத் தூக்கி அடியிலும் பார்த்து அனுப்பினாள். அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திருச்சி போய்ச் சேரும் வரையில் வேறு யாரிடமும் பேசியிருக்க மாட்டார்.

கடைசியாக மரிய ஆல்பர்ட்டின் கார் வந்தது. ஹாரன் அடித்தார். வழக்கமாக ஹாரன் சத்தத்துக்கே கதவு திறந்துகொள்ளும். இன்றைக்குச் சம்பூர்ணம் கதவைத் திறக்காமல் காரிடம் வந்து, குனியாமல், கண்ணாடியைத் தட்டினாள்.

"டிக்கியத் தொறங்க சார்."

"நானாம்மா?"

"யாரா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து திறந்தார். அவளும் சிரித்துக்கொண்டேதான் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்தாள். மக்காச்சோளம். சோளம் வாங்குகிற ஆலையிலிருந்து மேலாளரின் காரில் ஒரு மூட்டைச் சோளம் வெளியே போகிறது, சீட்டு ஒன்றும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கிட்டே வந்தார்கள். ஜெயசுதாவும் வந்தாள்.

"சார், இது..."

"ஏய், நம்ம சோளம் இல்ல சம்பூர்ணம்!" மரிய ஆல்பர்ட் பதறிப்போனார். "வரதராசன்பேட்டையில எங்க மாமனாரு காட்டுல வெளஞ்சது. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு அங்க போயிருந்தேன்ல, கோழிக்குப் போடுன்னு கட்டிக் குடுத்தாரு. வண்டியிலயே கெடக்கு."

"எல்லாச் சோளமும் ஒரே மாதிரிதான சார் இருக்கு. எப்படி நம்பறது?"

"எப்படி ஒரே மாதிரி இருக்கும்? நம்ம கொடோன்ல இருக்கறது பதினாலு. இது பன்னெண்டரை!"

சொன்ன பிறகுதான் அவர் வாய் மூடியது.

ஜெயசுதா மூட்டையைப் பார்த்தாள், பிறகு மேலாளரைப் பார்த்தாள். சோளத்தைப் பல்லில் கடித்துப் பார்க்கிறவர்கள் பன்னெண்டு என்பார்கள், பதிமூணு என்பார்கள். அரை சொல்வது மிஷின் மட்டும்தான். வரதராசன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை அந்த மிஷின் எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் வாய் ஊறியது. ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள்.

சம்பூர்ணம் மூட்டையின் வாயைப் பழையபடி கட்டினாள். கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். மாமனாரின் சோளம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எடுத்துப்போனவர், திங்கட்கிழமை காலையில் மேசை மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவள் தொப்பியைக் கழற்றி வைக்கச் சொன்னார். அவளைக் குனிய அனுப்பப் பார்த்தார். நாக்கு நுனி வரை வந்த வசவுகள் எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும், அவள் முகத்திலேயே இருந்தன. சத்தியம் பண்ணிய தொப்பி தலையில் இருந்ததால் ஒன்றையும் வெளியே விடவில்லை.

"நான் யாருன்னு கேக்கல சார்" என்றாள்.

மரிய ஆல்பர்ட் தரையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில உள்ள வரப்பவும் நிறுத்தணும். எறங்கி வந்து நீங்களே தொறந்து காட்டணும். தெனமும்."

"சரிங்க" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை. டிக்கியைத் தானே சாத்தினார், காரில் ஏறினார், ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். சம்பூர்ணம் அவசரப்படாமல் நடந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.